மோட்டார் வேண்டாம், கரன்ட் வேண்டாம்... திரி போட்டால் போதும், கீரை வளரும்! - தென்காசி வீடுகளுக்கு ஏற்ற ஈஸி ஹைட்ரோபோனிக்ஸ்

ஜூன் மாதம் தென்மேற்குப் பருவக்காற்று பிடித்துவிட்டால் குற்றாலத்தில் சீசன் களைகட்டிவிடும். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று எங்கு பார்த்தாலும் ஈரத்துண்டும் எண்ணெய்த் தலையுமாகக் கூட்டம். வெளியூர்க்காரர்களுக்கு அது விடுமுறை; உள்ளூர்க்காரர்களுக்கோ வருடத்தின் முக்கால்வாசி வருமானத்தைச் சம்பாதிக்க வேண்டிய வேலைக்காலம். லாட்ஜ், ஹோட்டல், பழக்கடை, சிப்ஸ் கடை, ஆட்டோ என்று வீட்டில் இருக்கும் எல்லோரும் வெளியே நிற்கும் அந்த மூன்று மாதங்களில், மாடியில் ஆசையாக வைத்த நாலு தொட்டிச் செடியை யார் பார்ப்பது?

தென்காசிப் பக்கம் செடி வளர்ப்பதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சாரல் விழுந்தால் தொட்டி ஊறிப்போய் வேர் அழுகும். சாரல் நின்று, செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று மட்டும் அடித்தால், இரண்டே நாளில் மண் காய்ந்து கீரை துவண்டுவிடும். காலையில் ஊற்றிய தண்ணீர் மாலைக்குள் காணாமல் போயிருக்கும்.

'தினமும் தண்ணீர் ஊற்ற நேரமில்லை, ஆனால் வீட்டுக்குத் தேவையான கொத்தமல்லி, புதினா, கீரையையாவது நாமே வளர்க்க வேண்டும்' என்று நினைப்பவர்களுக்கு ஏற்ற முறை ஒன்று உண்டு. அதுதான் விக் சிஸ்டம் எனப்படும் திரி முறை ஹைட்ரோபோனிக்ஸ். மண்ணில்லா வளர்ப்பு முறைகளிலேயே எளிமையானது இது. மோட்டார் கிடையாது, பைப் கிடையாது, கரன்ட் பில் கிடையாது. ஒரு மூடி போட்ட டப்பா, கொஞ்சம் தேங்காய் நார்க்கழிவு, ஒரு துண்டுக் கயிறு, சத்துக் கரைசல். அவ்வளவுதான்.

ஆனால், இதில் கவனிக்க வேண்டிய முக்கியமான விஷயம் ஒன்றும் இருக்கிறது. அதைக் கவனிக்காவிட்டால் கீரையோடு சேர்த்துக் கொசுவையும் வளர்த்துவிடுவோம். அதையும் விரிவாகப் பார்ப்போம்.

விளக்கில் ஏறும் எண்ணெய்... வேருக்கு ஏறும் தண்ணீர்!

குத்துவிளக்கில் எண்ணெய் கீழே இருக்கிறது. சுடர் மேலே எரிகிறது. எண்ணெயை மேலே ஏற்றுவது யார்? திரிதான். திரியின் நூல்களுக்கு இடையே உள்ள மெல்லிய இடைவெளிகள் வழியாக எண்ணெய் தானாகவே மேலேறும். மேலே எரிந்து தீரத் தீர, கீழிருந்து வந்துகொண்டே இருக்கும். நுண்புழை ஏற்றம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது இதைத்தான்.

எண்ணெய்க்குப் பதில் சத்து கலந்த தண்ணீர், சுடருக்குப் பதில் செடி. இதுதான் திரி முறை. டப்பாவில் இருக்கும் தண்ணீரில் திரியின் ஒரு முனை தொங்கும். மறுமுனை மேலே இருக்கும் தொட்டிக்குள் வேரின் அருகே புதைந்திருக்கும். செடி உறிஞ்ச உறிஞ்ச, வெயிலில் ஈரம் காயக் காய, திரி தண்ணீரை மேலே அனுப்பும். செடி தனக்கு வேண்டியதைத் தானே எடுத்துக்கொள்வதால், தினமும் குடத்தைத் தூக்கிக்கொண்டு மாடி ஏற வேண்டியதில்லை.

கலிம்போங் காட்டிய வழி!

மண்ணில்லாமல் செடி வளர்ப்பது இன்று நேற்று வந்த ஃபேஷன் அல்ல. செடிக்கு மண் அவசியமல்ல, மண்ணில் உள்ள தாது உப்புகள்தான் அவசியம் என்பதை 19-ம் நூற்றாண்டிலேயே ஜெர்மன் விஞ்ஞானிகள் ஆய்வுக்கூடத்தில் நிரூபித்துவிட்டார்கள். அதை ஆய்வுக்கூடத்துக்கு வெளியே கொண்டு வந்தவர் அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் கெரிக். சத்து நீரில் அவர் வளர்த்த தக்காளிக் கொடிகள் 25 அடி உயரம் போயின. 'ஹைட்ரோபோனிக்ஸ்' என்ற பெயரை 1937-ல் உலகத்துக்கு அறிமுகப்படுத்தியவரும் அவரே.

நம் நாட்டுக்கு இந்த முறையைக் கொண்டு வந்தவர் ஜேம்ஸ் ஷோல்டோ டக்ளஸ். 1946-ல் அன்றைய வங்காளத்தின் மலைப்பகுதியான கலிம்போங்கில் பரிசோதனைகளைத் தொடங்கினார். வெளிநாடுகளில் பம்பும் குழாயுமாகச் செலவு பிடித்த இந்த முறையை, சாதாரணக் குடும்பமும் செய்யும் அளவுக்கு எளிமையாக்குவதுதான் அவரது நோக்கம். உள்ளூரில் கிடைக்கும் கல்லையும் மணலையும் கொண்டே தொட்டிகளை நிரப்பினார். அந்த அனுபவங்களைத் தொகுத்து 1951-ல் அவர் எழுதிய புத்தகத்தால் அதற்கு 'வங்காள முறை' என்றே பெயர் வந்தது. 'விலை உயர்ந்த கருவி வேண்டாம், கையில் கிடைப்பதை வைத்துச் செய்யலாம்' என்ற அந்த எண்ணம்தான் திரி முறைக்கும் அடிப்படை.

என்னென்ன தேவை?

* டப்பா: 15 லிட்டர் அளவுள்ள, மூடியுடன் கூடிய பிளாஸ்டிக் டப்பா. உயரமான வாளியைவிட, ஆழம் குறைந்த அகலமான டப்பா நல்லது. தண்ணீர் மட்டம் இறங்க இறங்க, திரி அதிக உயரத்துக்கு இழுக்க வேண்டியிருக்கும். ஒரு சாண் ஆழத்துக்குள் இருந்தால் திரிக்குச் சிரமமில்லை. வெளிச்சம் ஊடுருவாத அடர் நிறமாக இருப்பது முக்கியம்.

* தொட்டி: அடியில் ஓட்டை போட்ட 4 சிறிய பிளாஸ்டிக் தொட்டிகள். தயிர் டப்பா, ஐஸ்க்ரீம் டப்பாகூடப் போதும்.

* திரி: நைலான் கயிறு, பாலியஸ்டர் துணி நாடா, மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்குப் போடும் புதுத் திரி ஆகியவற்றில் ஒன்று. பருத்தித் துணி நன்றாகவே உறிஞ்சும். ஆனால், எப்போதும் ஈரத்திலேயே இருப்பதால் சில வாரங்களில் மக்கிவிடும். முதன்முறை செய்து பார்க்கப் பழைய பனியன் துணி போதும். தொடர்ந்து செய்வதற்கு நைலான்தான் சரி.

* நார்க்கழிவு: தென்னந்தோப்புகள் நிறைந்த தென்காசி மாவட்டத்தில் தேங்காய் நார்க்கழிவுக்குப் பஞ்சமில்லை. நர்சரிகளில் 'கோகோபீட்' கட்டியாகவும் கிடைக்கும். இதோடு மூன்றில் ஒரு பங்கு பெர்லைட் அல்லது கருக்கிய நெல் உமி கலந்தால் வேருக்குக் காற்றோட்டம் கிடைக்கும்.

* சத்து: ஹைட்ரோபோனிக்ஸுக்கென்று விற்கப்படும் 'ஏ', 'பி' சத்துக் கரைசல்கள்.

செய்வது எப்படி?

1. திரியைச் சோதியுங்கள். புதுக் கயிறிலும் துணியிலும் மெழுகு போன்ற பூச்சு இருக்கும். சோப்புத் தண்ணீரில் அலசி, நல்ல தண்ணீரில் கழுவுங்கள். பிறகு ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு முனையை விட்டு, மறுமுனையை வெளியே தொங்கவிடுங்கள். அரை மணி நேரத்துக்குள் வெளிமுனை ஈரமாகி, சொட்ட ஆரம்பித்தால் அது நல்ல திரி. இல்லாவிட்டால் வேறு கயிறு பாருங்கள். இந்தச் சோதனையைச் செய்யாமல் விடுவதுதான் செடி வாடுவதற்கு முதல் காரணம்.

2. நார்க்கழிவை அலசுங்கள். நார்க்கழிவில் இயல்பாகவே உப்பு இருக்கும். வாளியில் ஊறவைத்து, தண்ணீரை வடித்து, மீண்டும் ஊறவைத்து என்று மூன்று முறையாவது அலச வேண்டும். வடியும் தண்ணீரின் பழுப்பு நிறம் குறைந்தால் போதும்.

3. மூடியில் ஓட்டை போடுங்கள். தொட்டியின் விளிம்பு மூடிமேல் உட்காரும்படி, தொட்டியின் அளவுக்கே 4 வட்டங்கள் வெட்டுங்கள். ஓட்டை பெரிதாகிவிடக் கூடாது. தண்ணீர் ஊற்ற ஒரு மூலையில் சின்ன ஓட்டை ஒன்று போட்டு, அதற்கு இறுக்கமான அடைப்பு ஒன்று தயார் செய்துகொள்ளுங்கள்.

4. திரியைக் கோருங்கள். ஒவ்வொரு தொட்டிக்கும் 2 திரிகள். தொட்டியின் அடி ஓட்டை வழியாக நுழைத்து, பாதி உயரம் வரை உள்ளே மேலேற்றுங்கள். உள்ளே இருக்கும் பகுதியை வளைத்துப் பரப்பிவிட்டால் ஈரம் எல்லாப் பக்கமும் பரவும். வெளியே தொங்கும் பகுதி டப்பாவின் அடியைத் தொட வேண்டும்.

5. நிரப்புங்கள். நார்க்கழிவுக் கலவையைத் தொட்டியில் நிரப்புங்கள். அழுத்திக் குத்தக் கூடாது. முதல் முறை மட்டும் மேலிருந்து தண்ணீர் ஊற்றி, கலவையையும் திரியையும் முழுக்க நனைத்துவிடுங்கள். காய்ந்த திரி தானாக இழுக்கத் தொடங்க வெகுநேரம் எடுக்கும்.

6. விதையுங்கள். கொத்தமல்லி விதையை இரண்டாக உடைத்து, ஓர் இரவு ஊறவைத்து விதைக்கலாம். கீரை விதையை மெல்லியதாகத் தூவினால் போதும். புதினாவுக்கு, சமையலுக்கு வாங்கிய கட்டிலிருந்து தடித்த தண்டு நான்கை எடுத்து ஊன்றினாலே வேர் பிடித்துவிடும். முளைத்து இரண்டு இலை விடும்வரை மேற்பரப்பு காயாமல் லேசாகத் தெளித்து வாருங்கள். வேர் கீழே இறங்கித் திரியைப் பிடித்த பிறகு அந்த வேலையும் இல்லை.

கரைசலை மூடிக்கு மூன்று விரற்கடை கீழே வரை ஊற்றுங்கள். மட்டம் பாதிக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். செடி சிறிதாக இருக்கும்போது ஒரு வாரத்துக்கு மேலேயே தாங்கும். நன்கு வளர்ந்த பிறகு, கோடையில் நாலைந்து நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டியிருக்கும்.

'ஏ'வும் 'பி'யும் ஏன் தனித்தனி?

கடையில் சத்துக் கரைசலை இரண்டு பாட்டிலாகத் தருவது வியாபாரத் தந்திரமல்ல. ஒன்றில் கால்சியம் இருக்கும். மற்றதில் பாஸ்பேட், சல்பேட் உப்புகள் இருக்கும். இரண்டையும் அடர்த்தியாக ஒன்று சேர்த்தால் வினைபுரிந்து, வெண்மையான வண்டலாக அடியில் தங்கிவிடும். அந்தச் சத்து செடிக்குக் கிடைக்காது. அதனால் முதலில் தண்ணீர், அதில் 'ஏ', நன்றாகக் கலக்கிய பிறகு 'பி' என்ற வரிசையில்தான் சேர்க்க வேண்டும்.

லேபிளில் போட்டிருக்கும் அளவில் பாதியில் தொடங்கி, நாலு இலை வந்த பிறகு முழு அளவுக்குப் போகலாம். டி.டி.எஸ். மீட்டர் கைவசம் இருந்தால், கீரை வகைகளுக்கு 600 முதல் 900 பி.பி.எம். வரை இருப்பது சரி. கார அமிலத் தன்மையைக் குறிக்கும் பி.ஹெச். அளவு 5.5 முதல் 6.5 வரை இருந்தால் வேர் சத்தை நன்றாக எடுத்துக்கொள்ளும். போர்வெல் தண்ணீரில் இது கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு. எலுமிச்சைச் சாறு சில சொட்டு விட்டால் குறையும்; புளியங்குடி பக்கத்தில் இருக்கும்போது எலுமிச்சைக்கா பஞ்சம்? ஆனால், அதன் பலன் சில நாள்களே நிற்கும் என்பதால் அடுத்த வாரம் மறுபடியும் பார்க்க வேண்டும்.

'உரக்கடையில் கிடைக்கும் 19:19:19 போதாதா?' என்று பலரும் கேட்பதுண்டு. அதில் தழை, மணி, சாம்பல் சத்துகள் மட்டுமே உண்டு. கால்சியம், மக்னீசியம் கிடையாது. தவிர, அதிலுள்ள தழைச்சத்தில் பாதிக்கு மேல் யூரியா வடிவில் இருக்கும். மண்ணில் இருக்கும் நுண்ணுயிரிகள் அதை உடைத்துச் செடிக்குக் கொடுக்கும். மண்ணே இல்லாத இடத்தில் அந்த வேலை சரியாக நடக்காது. சாணக் கரைசல், பஞ்சகவ்யா போன்றவற்றையும் இந்த டப்பாவில் ஊற்றக் கூடாது. தேங்கிய நீரில் நாற்றமெடுத்து, திரியையும் அடைத்துவிடும்.

எது வளரும்... எது வளராது?

சிறுகீரை, பாலக், வெந்தயக்கீரை, கொத்தமல்லி, புதினா, துளசி, கற்பூரவல்லி, லெட்டூஸ் போன்றவை திரி முறைக்கு ஏற்றவை. வெந்தயக்கீரையை மூன்று வாரத்திலும், பாலக்கை ஒரு மாதத்திலும், கொத்தமல்லியை 40 நாளிலும் பறிக்கலாம். பாலக், புதினாவை வேரோடு பிடுங்காமல், இரண்டு விரற்கடை விட்டு நறுக்கினால் மறுபடி துளிர்க்கும்.

தக்காளி, கத்தரி, வெள்ளரி வேண்டாம். காய்க்கும் பருவத்தில் ஒரு தக்காளிச் செடி நாளொன்றுக்கு ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கும். இரண்டு திரியால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. முள்ளங்கி, கேரட் போன்ற கிழங்கு வகைகளுக்கும் இந்தச் சின்னத் தொட்டி போதாது.

மூடிதான் உயிர்!

இப்போது, ஆரம்பத்தில் சொன்ன முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

2012-ம் ஆண்டு கோடையில், அப்போது திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த கடையநல்லூரில் டெங்குக் காய்ச்சல் கடுமையாகப் பரவியது. உயிரிழப்புகளும் நிகழ்ந்தன. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானபோது கடையநல்லூரும் அதில் சேர்ந்தது. அந்தக் கோடையை இந்தப் பகுதி மக்கள் இன்னும் மறக்கவில்லை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. வீட்டைச் சுற்றித் தேங்கும் நல்ல தண்ணீரைத்தான் தேடும். சிமென்ட் தொட்டி, பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை, பூந்தொட்டித் தட்டு... அந்த வரிசையில், பாதி திறந்து கிடக்கும் ஹைட்ரோபோனிக்ஸ் டப்பாவும் சேர்ந்துவிடும்.

முட்டை, புழுவாகி, கூட்டுப்புழுவாகி, கொசுவாகப் பறக்க 7 முதல் 10 நாள் போதும். 'ஒரு வாரத்துக்குத் திறந்து பார்க்க வேண்டாம்' என்பதுதான் திரி முறையின் வசதி. அதே ஒரு வாரம் கொசுவுக்கும் வசதி! அதனால், இவற்றைக் கட்டாயம் செய்யுங்கள்:

* தொட்டிக்கும் மூடிக்கும் இடையே இடுக்கு இருந்தால் டேப் ஒட்டியோ, பழைய துணியைத் திணித்தோ அடையுங்கள்.

* தண்ணீர் ஊற்றும் ஓட்டையை எப்போதும் மூடியே வையுங்கள். காற்றுக்காக ஏதாவது துளை போட்டிருந்தால் கொசுவலைத் துணியை இரட்டையாக மடித்து ஒட்டுங்கள்.

* மூடியின் மேற்புறத்தில் மழைத்தண்ணீர் குட்டையாக நிற்கக் கூடாது. டப்பாவை லேசாகச் சாய்த்து வைத்தால் வழிந்துவிடும்.

* இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பழைய கரைசலைக் கொட்டி, டப்பாவின் உட்சுவரைப் பிரஷ் போட்டுத் தேயுங்கள். ஏடிஸ் கொசு, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில்தான் முட்டையை ஒட்டும். தண்ணீரைக் கொட்டிவிட்டாலும் அந்த முட்டைகள் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, மறுபடி நீர் பட்டதும் பொரிக்கும். எனவே கொட்டினால் மட்டும் போதாது, தேய்க்க வேண்டும்.

* அறுவடை முடிந்து அடுத்த விதைப்புக்கு இடைவெளி விட்டால், டப்பாவைக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள்.

கொட்டும் பழைய கரைசலை வீணாக்க வேண்டாம். தண்ணீர் சேர்த்து, மண்ணில் இருக்கும் வாழைக்கோ தென்னைக்கோ ஊற்றலாம்.

மூடியால் இன்னொரு லாபமும் உண்டு. சத்து நீரில் வெளிச்சம் பட்டால் பாசி படரும். செடிக்கு வைத்த சத்தைப் பாசி தின்றுவிடும். வெளிச்சம் புகாத டப்பாவும் இறுக்கமான மூடியும் இருந்தால் கொசு, பாசி இரண்டுக்குமே இடமில்லை.

சாரல், காற்று, வெயில்... எங்கே வைப்பது?

மொட்டைமாடியின் நடுவில் வைக்க வேண்டாம். சீசன் சாரலும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையும் தொட்டி வழியாக உள்ளே இறங்கினால் கரைசல் நீர்த்துவிடும், வேரும் ஊறிப்போகும். மழை நேரடியாக விழாத, காலை வெயில் 4 மணி நேரமாவது கிடைக்கிற தாழ்வாரம், பால்கனி, சன்ஷேடின் அடிப்பகுதி ஆகியவை நல்ல இடங்கள்.

காற்றடிக்கும் திசையில் ஒரு தடுப்பு இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் இலை வழியாக ஈரம் வேகமாகப் போய், திரி திணறும். ஏப்ரல், மே வெயிலில் டப்பாவுக்குள் இருக்கும் தண்ணீர் சூடாகாமல் இருக்க, வெளிப்பக்கத்தில் ஈரச்சாக்கைச் சுற்றலாம்.

செடி சொல்லும் சேதி!

அடி இலைகள் வெளிறி மஞ்சளாகின்றனவா? சத்து போதவில்லை, கரைசலின் அளவைக் கூட்டுங்கள்.

புது இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறதா? பெரும்பாலும் பி.ஹெச். கூடியதால், இரும்புச்சத்தைச் செடியால் எடுக்க முடியவில்லை.

இலை நுனி கருகுகிறதா? மேற்பரப்பில் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா? உப்பு சேர்ந்துவிட்டது. திரி மேலே கொண்டுவரும் உப்பு, தண்ணீர் ஆவியான பிறகு நார்க்கழிவிலேயே தங்கிவிடும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை தொட்டியை வெளியே எடுத்து, மேலிருந்து வெறும் தண்ணீர் ஊற்றி வடியவிடுங்கள்.

டப்பாவில் தண்ணீர் இருந்தும் செடி வாடுகிறதா? திரியைப் பாருங்கள். மக்கியிருக்கலாம், பாசி அடைத்திருக்கலாம் அல்லது தண்ணீரைத் தொடாமல் மேலே தூக்கிக்கொண்டிருக்கலாம்.

குழந்தைகளுக்கு ஒரு பாட்டில் தோட்டம்!

டப்பாவுக்கு முன், சின்னதாகச் செய்து பார்க்க ஆசையா? 2 லிட்டர் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலை நடுவுக்குச் சற்று மேலே குறுக்காக வெட்டுங்கள். மூடியில் துளையிட்டுத் திரியைக் கோத்து, மேல்பாதியைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கீழ்ப்பாதியில் செருகுங்கள். மேலே நார்க்கழிவு, கீழே கரைசல். இரண்டும் சேரும் இடத்தைச் சுற்றி டேப் ஒட்டி, கீழ்ப்பாதியைக் கறுப்புத் தாளால் மூடிவிடுங்கள். ஒரு பாட்டிலில் திரியோடும், இன்னொன்றில் திரி இல்லாமலும் வெந்தயம் போட்டால், நுண்புழை ஏற்றம் என்றால் என்னவென்று பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகம் இல்லாமலே புரிந்துவிடும். வெட்டும் வேலையை மட்டும் பெரியவர்கள் செய்யுங்கள்.

செலவுக்குத் தகுந்த பலன் உண்டா?

பாவூர்சத்திரம், சுரண்டை என்று பெரிய காய்கறிச் சந்தைகள் பக்கத்திலேயே இருக்கும் ஊர் தென்காசி. அங்கே விற்கும் கீரைக்கட்டின் விலையோடு போட்டி போட்டால் இந்த டப்பா ஜெயிக்காது. வாசலில் ஒரு முழம் மண்ணும், தினமும் தண்ணீர் ஊற்ற ஆளும் இருந்தால் மண்ணில் போடுவதே மலிவு, அதில் சந்தேகமில்லை.

ஆனால், மண்ணே இல்லாத மாடி போர்ஷன், குடம் தூக்க முடியாத வயதான தம்பதி, சீசன் முடியும்வரை கடையே கதியென்று கிடக்கும் குடும்பம், வாரக்கடைசியில் மட்டும் ஊருக்கு வரும் பிள்ளைகள் ஆகியோருக்கு இது நிச்சயம் கைகொடுக்கும். ரசத்தில் போடக் கொத்தமல்லி, சட்னிக்குப் புதினா, வாரம் ஒருநாள் பொரியலுக்குக் கீரை... மருந்தடிக்காமல், கண் முன்னே வளர்ந்தது கிடைக்கும்.

முதலில் ஒரே ஒரு டப்பாவில் தொடங்குங்கள். வெந்தயக்கீரை போடுங்கள், மூன்று வாரத்தில் ரிசல்ட் தெரிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து நிமிடம் இதற்கென்று ஒதுக்கினால் போதும். தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள், திரியைப் பாருங்கள், மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று கையால் அழுத்திப் பாருங்கள். மற்ற ஆறு நாளும் திரி பார்த்துக்கொள்ளும்!